மண்டையோட்டுத் தையல்மூட்டு

மண்டையோட்டுத் தையல்மூட்டு என்பது மனித மண்டையோட்டின் தட்டையான எலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் நார் மூட்டு ஆகும். வளர்ந்தவரின் மண்டையோட்டில் இது கிழிந்த துணியை நெருக்கமாகத் தைத்தது போன்ற வளைந்து நெளிந்த கோடாகத் தென்படும். பள்ளிப் பாடநூல்களில் அசையா மூட்டுக்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுவது இதுவே. எனினும், பிறப்பின்போது இவ்வெலும்புகள் நகரக்கூடியனவாகவே உள்ளன. தலை குறுகிய பிறப்புவழியைக் கடப்பதற்கும், பிறந்த பின் மூளை வேகமாகப் பெருப்பதற்கும் இம்மூட்டுகள் திறந்திருப்பது இன்றியமையாதது. இவை உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொள்வது ஒரு நோயாகும். அதைச் சில மாதங்களுக்குள் கண்டறிவதைப் பொறுத்தே குழந்தைக்கு எளிய சிகிச்சை கிடைக்குமா என்பது அமைகின்றது.

பெயர்

மேலை மருத்துவம் இம்மூட்டுக்கு வழங்கும் சூச்சர் என்ற பெயர், தையல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதே உவமை இந்திய மருத்துவத்திலும் தனியாகக் காணப்படுகின்றது. சுசுருத சம்கிதை உடலின் மூட்டுகளை எட்டு வகையாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றைத் துன்னசேவனி எனக் குறிப்பிடுகின்றது. தைத்த துணியின் தையற்கோடு என்பது இதன் பொருள். இவ்வகை மூட்டு தலையோட்டிலும் இடுப்பெலும்பிலும் உள்ளது என்று அந்நூல் கூறுகின்றது. துன்னம் என்னும் சொல் தையல் என்ற பொருளில் தமிழிலும் வழங்கியது. பழந்தமிழ் இலக்கியத்தில் தையற்காரர் துன்னகாரர் எனப்பட்டனர்.

அமைவிடம்

காதுக்குள் இருக்கும் நுண்ணெலும்புகளை நீக்கிப் பார்த்தால் மண்டையோட்டில் 22 எலும்புகள் உள்ளன. அவற்றில் 8 எலும்புகள் மூளையைச் சூழ்ந்த பேழையையும் 14 எலும்புகள் முகத்தையும் அமைக்கின்றன. கீழ்த்தாடையெலும்பு மட்டும் தாராளமாக அசையும் மூட்டினால் இணைக்கப்பட்டுள்ளது. ஏனையவற்றை இணைப்பவை பெரும்பாலும் தையல்மூட்டுகளே.

மூளைப் பேழையில் முதன்மையானவை நான்கு. நெற்றியை அமைக்கும் நுதலெலும்புக்கும் அதன் பின்னுள்ள இரு சுவரெலும்புகளுக்கும் இடையே, தலையின் குறுக்காக ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம் வரை செல்வது முடித் தையல்மூட்டு. மாலையோ மணிமுடியோ அமரும் இடம் என்பதால் இப்பெயர் பெற்றது. இரு சுவரெலும்புகளுக்கும் இடையே உச்சியின் நடுவில், முன்னிருந்து பின்னாகச் செல்வது அம்புத் தையல்மூட்டு. சுவரெலும்புகளுக்கும் பிடரெலும்புக்கும் இடையிலுள்ளது, கிரேக்க எழுத்தான லாம்டாவின் வடிவில் கவிழ்ந்த கவை போன்றிருப்பதால் லாம்டாத் தையல்மூட்டு எனப்படுகின்றது. காதுக்கு மேலே சுவரெலும்பும் பொட்டெலும்பும் சந்திக்குமிடத்தில் செதில் தையல்மூட்டு உள்ளது. இங்கு எலும்புகள் விளிம்போடு விளிம்பாகப் பொருந்தாமல், ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன.

ஐந்தாவதாக நெற்றித் தையல்மூட்டைக் கூற வேண்டும். பிறக்கும்போது நுதலெலும்பு இடம், வலம் என இரு துண்டுகளாக இருக்கின்றது. அவற்றுக்கிடையேயான இம்மூட்டு மற்றவற்றைப் போலன்றிக் குழந்தைப் பருவத்திலேயே, பெரும்பாலும் முதலாண்டுக்குள், மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கும். இதனால் தீங்கு ஏதுமில்லை. ஆனால் விபத்தில் அடிபட்டு வந்தவரின் எக்ஸ் கதிர்ப் படத்தில் நெற்றியின் நடுவே தெரியும் இக்கோடு எலும்பு முறிவாகத் தவறாகக் கருதப்படலாம். முறிவுக் கோடு பொதுவாகக் கூர்மையாகவும் நேராகவும் இருக்கும். தையல்மூட்டோ தனக்குரிய இடத்தில் பல் பல்லாக நெளிந்து செல்லும்.

பொட்டுப் பகுதியில் நுதலெலும்பு, சுவரெலும்பு, பொட்டெலும்பு, ஆப்புரு எலும்பு ஆகிய நான்கும் நெருங்கி வருகின்றன. இவ்விடத்தில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி மூளையுறைக்குக் குருதி கொண்டுசெல்லும் நடுத்தமனியின் முன்கிளை ஓடுகின்றது. இங்கு விழும் அடி எலும்பை உடைத்துத் தமனியையும் கிழித்தால், மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி தேங்கி மூளையை அழுத்தும். அடிபட்டவர் சிறிது நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பின்னர் மயங்கிச் சரிவது இந்தக் குருதித் தேக்கத்தில் காணப்படும் ஏமாற்றும் தன்மையாகும். இரு சக்கர வண்டியில் செல்வோரின் தலைக்கவசம் பொட்டுப் பகுதியை மூடியிருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில மண்டையோடுகளில், குறிப்பாக லாம்டாத் தையல்மூட்டின் வழியில், தனித்தனித் தீவுகள் போலச் சிற்றெலும்புகள் காணப்படும். இவை டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஓலே வோர்ம் என்பவரின் பெயரால் வோர்மிய எலும்புகள் எனப்படுகின்றன. நலமுள்ளவர்களிடமும் இவை உண்டு. மிகுதியான எண்ணிக்கையில் இருந்தால் எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவிக் குறை போன்ற நோய்கள் உள்ளனவா என மருத்துவர்கள் ஆராய்வர்.

உச்சிக்குழி

பிறந்த குழந்தையின் மண்டையோட்டில் எலும்புத் தட்டுகளின் மூலைகள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. தையல்மூட்டுகள் கூடும் இடங்களில் சவ்வினால் மட்டும் மூடப்பட்ட இடைவெளிகள் எஞ்சியிருக்கும். இவ்வாறான மென்பகுதிகள் ஆறு உள்ளன. அவற்றுள் பெரியதும் யாவரும் அறிந்ததும் முன் உச்சிக்குழி. இது முடித் தையல்மூட்டும் அம்புத் தையல்மூட்டும் நெற்றித் தையல்மூட்டும் சந்திக்குமிடத்தில் பட்டம் போன்ற நாற்கோண வடிவில் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு 9 முதல் 18 மாதங்களுக்குள்ளும், சிலருக்கு 2 வயதை ஒட்டியும் இது மூடுகின்றது. பிடரிப் பக்கத்திலுள்ள சிறிய முக்கோண வடிவக் குழி 2 அல்லது 3 மாதங்களுக்குள் மூடிவிடும். மற்ற நான்கும் தலையின் பக்கங்களில் உள்ளன.

முன் உச்சிக்குழியில் நாடித்துடிப்பு தெரிவது இயல்பே. குழந்தை அமைதியாக, நிமிர்ந்த நிலையில் இருக்கும்போது அப்பகுதி ஏறக்குறைய தட்டையாக இருக்க வேண்டும். வயிற்றுப்போக்காலோ வாந்தியாலோ உடலில் நீர் குறைந்தால் அது உள்வாங்கும். அழாத நேரத்திலும் புடைத்துக்கொண்டிருந்தால் மண்டையோட்டினுள் அழுத்தம் கூடியுள்ளது எனக் கொள்ள வேண்டும். மூளைக்காய்ச்சல், மூளையில் நீர்த் தேக்கம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். காய்ச்சலுடன் உச்சிக்குழி புடைத்திருக்கும் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குழி நெடுங்காலம் மூடாமல் பெரிதாகவே இருப்பது தைராய்டுச் சுரப்புக் குறைவு, உயிர்ச்சத்து டி குறைவினால் வரும் என்புருக்கி நோய் போன்றவற்றின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

உச்சிக்குழியில் எண்ணெய் வைக்கும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உள்ளது. அக்குழியை மூடியிருக்கும் சவ்வு எண்ணி அஞ்சும் அளவுக்கு மெலிந்ததன்று. மெல்லத் தடவுவதாலோ, முதல் முடியிறக்கும்போது கவனமாக மழிப்பதாலோ மூளைக்கு ஊறு நேர்வதில்லை. எண்ணெய் வைப்பதால் குழி விரைவில் மூடும் என்பதற்கும் அடிப்படை இல்லை.

மகப்பேற்றில் தையல்மூட்டுகள்

நிமிர்ந்து நடப்பதற்கேற்ற இடுப்பெலும்பும் பெரிய மூளையும் ஒருங்கே அமைந்ததால், மனித இனத்தில் பிறப்புவழி சிசுவின் தலைக்கு மிகவும் நெருக்கமாகவே உள்ளது. தலை இறங்கும்போது எலும்புத் தட்டுகள் தையல்மூட்டுகளில் நெருங்கி, ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இதனால் தலை நீண்டு குறுகுகின்றது. பிறந்த குழந்தையின் தலை கூம்பியிருப்பது இதனாலேயே. சில நாட்களில் தட்டுகள் தாமாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

மகப்பேறு பார்ப்பவருக்குத் தையல்மூட்டுகள் வழிகாட்டிகளாகவும் பயன்படுகின்றன. கருப்பை வாய் திறந்த பின் உள்ளே நுழையும் விரல்நுனிக்கு முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் அம்புத் தையல்மூட்டின் பள்ளமே. அது எத்திசையில் ஓடுகின்றது, அதன் முனையில் மூன்று கோடுகள் கூடுகின்றனவா நான்கு கோடுகள் கூடுகின்றனவா என்பதைத் தடவி அறிந்து, சிசுவின் முகம் எப்பக்கம் நோக்கியிருக்கின்றது எனச் சொல்லிவிட முடியும். மூன்று கோடுகள் கூடினால் அது பிடரிப் பக்கக் குழி, நான்கு கூடினால் முன் உச்சிக்குழி. எலும்புகள் எந்த அளவு ஒன்றின்மேல் ஒன்று ஏறியுள்ளன என்பதும் பேற்றுப் பதிவு வரைபடத்தில் குறிக்கப்படுகின்றது. விரலால் அழுத்தியும் பிரிக்க முடியாத அளவுக்கு அவை ஏறியிருந்தால், தலைக்கும் இடுப்புக்கும் அளவு பொருந்தவில்லை என்று ஐயுற்று, தாயை அறுவை மருத்துவ வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். மின்கருவி ஏதுமின்றி விரலால் மட்டும் செய்யப்படும் இச்சோதனை, சிற்றூர்ச் சுகாதார நிலையங்களில் தாய், சேய் இருவரின் உயிரையும் காக்க வல்லது.

வளர்ச்சியும் அமைப்பும்

இரு எலும்புகளின் விளிம்புகளுக்கிடையே நார்த்திசு நிரம்பியுள்ளது. நார்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சென்று எலும்பினுள் ஊன்றி நிற்கின்றன. கட்டடப் பொறியாளர் நீண்ட பைஞ்சுதைத் தளத்தில் விடும் விரிவு இடைவெளியோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தளத்தின் இடைவெளி வெறும் காலியிடம். இதுவோ புதிய எலும்பு உருவாகும் இடம். மூளை பெருக்கும்போது தட்டுகள் விலக்கப்படுகின்றன. விலகிய அளவுக்கு இரு விளிம்புகளிலும் புதிய எலும்பு சேர்கின்றது. நடுவிலுள்ள திசு மட்டும் எலும்பாகாமல் தன்னைக் காத்துக்கொள்கின்றது. இந்தச் சமநிலையை நிலைநிறுத்துவதில் அடியிலுள்ள மூளையுறை அனுப்பும் வேதிச் சைகைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

2015 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, எலிகளில் மண்டையோட்டு எலும்பை உருவாக்கும் குருத்தணுக்கள் தையல்மூட்டுகளிலேயே குடிகொண்டுள்ளன எனக் காட்டியது. மூட்டு மூடினால் இவ்வணுக்களின் இருப்பிடமும் மறைந்துவிடும். 2021 ஆம் ஆண்டில், மூட்டு முன்கூட்டியே மூடிய எலிகளில் இவ்வணுக்களைக் கொண்டு தையல்மூட்டை மீண்டும் உருவாக்கிய ஆய்வும் வெளிவந்தது. மனிதருக்கான சிகிச்சையாக இது இன்னும் ஆகவில்லை.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 34 அல்லது 35 செ.மீ. முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ., பின்னர் ஓராண்டு வரை மாதத்துக்கு அரை செ.மீ. எனக் கூடி, முதல் பிறந்தநாளில் சுமார் 46 செ.மீ. ஆகின்றது. அதற்குப் பின் வாழ்நாள் முழுவதும் கூடுவது 10 செ.மீ. அளவே. மூளையின் வளர்ச்சியில் எவ்வளவு பெரும் பகுதி முதலாண்டிலேயே நடந்துவிடுகின்றது என்பதை இவ்வெண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

வளர்ந்தவரின் மூட்டு நெளிந்து பின்னியிருப்பதிலும் பயனுண்டு. ஆடுகளின் மண்டையோட்டைக் கொண்டு 1990 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், நன்கு பின்னிய தையல்மூட்டு தனி எலும்பைக் காட்டிலும் மிகுதியான மோதல் ஆற்றலை உள்வாங்கக்கூடியது எனக் கண்டறியப்பட்டது. கடாக்கள் முட்டிக்கொண்டும் மண்டை பிளக்காமல் நிற்பதற்கு இதுவும் துணைசெய்கின்றது எனலாம்.

முன்கூட்டியே மூடுதல்

ஏறக்குறைய 2000 முதல் 2500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில், ஒன்றோ அதற்கு மேற்பட்டதோ ஆன தையல்மூட்டுகள் பிறப்பதற்கு முன்போ பிறந்த சில மாதங்களிலோ எலும்பாகி மூடிவிடுகின்றன. மூளையோ வளர்வதை நிறுத்துவதில்லை. செருமானிய நோயியலாளர் ருடால்ஃப் பிர்கோ 1851 ஆம் ஆண்டு இதன் விளைவை ஒரு விதியாக வகுத்தார். மூடிய மூட்டுக்குச் செங்குத்தான திசையில் தலை வளர முடியாமல், அதற்கு இணையான திசையில் கூடுதலாக வளரும் என்பதே அது. இவ்விதியைக் கொண்டு தலையின் வடிவத்தைப் பார்த்தே எம்மூட்டு மூடியுள்ளது எனப் பெரும்பாலும் கூறிவிடலாம். அம்புத் தையல்மூட்டு மூடினால் தலை குறுகி, முன்பின்னாக நீண்டு தோணி வடிவாகும். இதுவே மிகுதியாகக் காணப்படும் வகை. ஆண் குழந்தைகளுக்குக் கூடுதலாக வருகின்றது. முடித் தையல்மூட்டு ஒரு பக்கம் மட்டும் மூடினால் அப்பக்க நெற்றி தட்டையாகிக் கண்குழி மேலேறும். நெற்றித் தையல்மூட்டு மிக முன்னதாக மூடினால் நெற்றி படகின் முன்முனை போலக் கூர்ந்து, மேலிருந்து பார்க்கத் தலை முக்கோணமாகத் தெரியும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே மூட்டு மட்டும் மூடியிருக்கும். வேறு குறை இராது. சிலரில் மரபணு மாற்றங்களால் பல மூட்டுகள் மூடுவதுடன் முகம், கை, கால்களிலும் குறைகள் சேர்ந்து வரும். 1906 இல் விவரிக்கப்பட்ட அப்பெர்ட் கூட்டறிகுறியும் 1912 இல் விவரிக்கப்பட்ட குரூசோன் கூட்டறிகுறியும் இவ்வகையின. பல மூட்டுகள் மூடிய நிலையில் மூளைக்கு இடம் போதாமல் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு பாதிக்கப்படலாம். ஒரு மூட்டு மட்டும் மூடியவர்களிலும் சிறு பகுதியினருக்கு அழுத்தம் கூடுவதுண்டு.

இதன் அறுவை மருத்துவ வரலாறு ஒரு பெரும் தவறுடன் தொடங்கியது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், மூளை வளராததால் தலை சிறுத்த குழந்தைகளுக்கும் தையல்மூட்டுகள் மூடியதே காரணம் எனக் கருதப்பட்டது. 1890 ஆம் ஆண்டில் பாரிசில் லான்னலாங் என்னும் அறுவை மருத்துவர் மண்டையோட்டில் எலும்புக் கீற்றுகளை வெட்டியெடுக்கும் முறையை வெளியிட்டார். பலர் அதைப் பின்பற்றினர். குழந்தைகள் பலர் இறந்தனர். குழந்தை மருத்துவ முன்னோடியான ஆபிரகாம் யாக்கோபி இதைக் கடுமையாகக் கண்டித்தார். காரணமும் விளைவும் தலைகீழாகக் கொள்ளப்பட்டதே பிழை. மூளை வளராதபோது தட்டுகளை விலக்கும் விசை இல்லாமல் தலை சிறுக்கின்றது. மூட்டு மூடும்போதோ வளரும் மூளை வடிவத்தைத் திரிக்கின்றது. முன்னதற்கு எலும்பை வெட்டிப் பயனில்லை. இவ்வேறுபாடு தெளிந்த பின்னரே அறுவை முறை மீண்டும் மதிப்புப் பெற்றது. 1960களில் பிரான்சின் பால் தெசியே முகத்தையும் மண்டையோட்டையும் ஒருங்கே சீரமைக்கும் துறைக்கு அடித்தளமிட்டார்.

இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறை 1949 ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் யாக்கோபு சாண்டி என்பவரால் தொடங்கப்பட்டது. திருவண்ணாமலையும் வேலூரும் அப்போது ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1950 இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார். எனவே தமிழகத்தில் இச்சிகிச்சைக்கான துறை புதியதன்று. குழந்தை உரிய நேரத்தில் அங்குச் சேர்வதே கடினமானது. சிறு துளையிட்டு உள்நோக்கி வழியாக மூடிய மூட்டை நீக்கும் எளிய முறையைப் பொதுவாக முதல் சில மாதங்களுக்குள்ளேயே செய்ய இயலும். அதன்பின் சில மாதங்கள் தலையில் வடிவத் தொப்பி அணிவிக்கப்படும். காலம் தாழ்ந்தால் எலும்பைப் பெரிதாகத் திறந்து மாற்றியமைக்க வேண்டும். குருதி இழப்பும் கூடும்.

தாழ்வதற்கு ஒரு காரணம் நம் வழக்கத்திலேயே உள்ளது. குழந்தையைக் குளிப்பாட்டும் மூத்த பெண்கள் தலையை உருண்டையாக்குவதாகக் கூறி அழுத்தி உருட்டிவிடுவர். பிறப்பின்போது கூம்பிய தலை தானாகவே சரியாகிவிடுவதால், உருட்டியதன் பயன் என்று அது தோன்றும். ஒரே பக்கமாகப் படுப்பதால் தட்டையான தலையும் குழந்தை கவிழ்ந்து தவழத் தொடங்கியதும் பெரும்பாலும் தேறிவிடும். மூட்டு மூடியதால் திரிந்த தலையோ எத்தனை நாள் உருட்டினாலும் மாறாது. மாதங்கள் செல்லச் செல்லத் திரிபு கூடவே செய்யும். அழுத்தி உருட்டுவதை விட்டுவிடுவதே நல்லது. தலையின் வடிவம் முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்குப் பின்னும் சீராகாமல் மேலும் மாறிவந்தாலோ, மூட்டின் வழியே விரலால் தடவும்போது வரப்பு போன்ற மேடு தட்டுப்பட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உச்சிக்குழி திறந்திருக்கின்றதே என்று ஆறுதல் கொள்வது பிழையாகலாம். ஒரு மூட்டு மூடிய பின்னும் உச்சிக்குழி திறந்திருப்பதுண்டு. தலைச் சுற்றளவை மாதந்தோறும் அளந்து குறிப்பதற்கு ஓர் அளவு நாடாவே போதும். உலக நலவாழ்வு அமைப்பு இதற்கான வளர்ச்சி வரைபடங்களை 2007 ஆம் ஆண்டு வெளியிட்டது.

வயதுக் கணிப்பு

தையல்மூட்டுகள் இயல்பாக மூடத் தொடங்குவது பொதுவாக 20 வயதுக்குப் பின்னரே. உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கி மூடுகின்றன. முகத்திலுள்ள சில மூட்டுகள் முதுமையிலும் திறந்தே இருக்கும். மூடிய அளவைக் கொண்டு இறந்தவரின் வயதைக் கணிக்கும் முயற்சிகள் நெடுங்காலமாக நடந்துள்ளன. 1924, 1925 ஆம் ஆண்டுகளில் டாட், லயன் ஆகியோர் வெளியிட்ட அட்டவணைகள் பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இடம்பெற்றன. 1985 இல் மைண்டில், லவ்ஜாய் ஆகியோர் குறிப்பிட்ட பத்துப் புள்ளிகளுக்கு மதிப்பெண் தரும் முறையை வகுத்தனர். ஆயினும் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரியது. 30 வயதில் மூட்டு மறைந்தவரும் 70 வயதில் திறந்த மூட்டுடன் இருப்பவரும் உண்டு. எனவே இதை மட்டும் நம்பி வயதைக் கூறுவது தகாது. பற்கள், இடுப்பெலும்பு முதலியவற்றுடன் சேர்த்தே இது பயன்படுத்தப்படுகின்றது.

தொல்லியலில் இச்சிக்கல் அடிக்கடி எழுகின்றது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தெடுத்த தாழிகளிலிருந்து கிடைத்த மண்டையோடுகளைப் பற்றிய சக்கர்மேனின் ஆய்வைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1930 ஆம் ஆண்டு வெளியிட்டது. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையின் ஈமக்காட்டில் கிடைத்த இரு மண்டையோடுகளைக் கொண்டு மீட்டுருவாக்கப்பட்ட முகங்கள் 2025 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. பொதுவாகப் புதைகுழிகளில் குழந்தைகளின் முழு மண்டையோடு கிடைப்பது அரிது. மூட்டிலுள்ள நார்த்திசு அழிந்ததும் மெல்லிய தட்டுகள் தனித்தனியே பிரிந்து நொறுங்கிவிடுவதே இதற்குக் காரணம். வளர்ந்தவரின் உடைந்த மண்டையோட்டை ஒட்டிச் சேர்ப்பவர்களுக்கு, ஒரு விளிம்பின் பற்கள் அதற்குரிய மறு விளிம்பில் மட்டுமே சரியாகப் பொருந்தும் என்பது பெரும் உதவியாகும்.

ஆளை அடையாளம் காணல்

வயதைச் சொல்வதில் தடுமாறும் தையல்மூட்டு, ஆள் யார் என்பதைச் சொல்வதில் உறுதியாக நிற்கின்றது. அதன் நெளிவுகள் கைரேகையைப் போல ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பா. சந்திரசேகரன், தையல்மூட்டுக் கோலத்தைக் கொண்டு மண்டையோட்டுக்குரியவரை அடையாளம் காணும் முறை பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1985 ஆம் ஆண்டு பன்னாட்டுத் தடய அறிவியல் இதழொன்றில் வெளியிட்டார். 1991 இல் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த இராஜீவ் காந்தி படுகொலையின் தடய ஆய்வால் பின்னர் பரவலாக அறியப்பட்டவர் இவரே. காணாமற்போனவர் உயிருடன் இருந்தபோது ஏதேனும் நோய்க்காகத் தலையை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்திருந்தால், அதிலுள்ள தையல்மூட்டுக் கோட்டைக் கிடைத்த மண்டையோட்டின் கோட்டோடு ஒப்பிடலாம். பழைய படம் கிடைப்பதுதான் இம்முறையின் தடை. தலையின் சி.டி. படங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் அத்தடை குறைந்து வருகின்றது.

மரபு நூல்களில்

சுசுருத சம்கிதை தலையிலுள்ள ஐந்து மூட்டுகளைச் சீமந்தம் என்னும் வர்மங்களாகக் குறிக்கின்றது. அங்கு அடிபட்டால் பித்தும் அச்சமும் அறிவுமயக்கமும் உண்டாகி இறப்பு நேரும் என்பது அதன் கூற்று. சீமந்தம் என்பதற்குத் தலைவகிடு என்று பொருள். கருவுற்ற பெண்ணுக்குச் செய்யப்படும் சீமந்தச் சடங்கின் பெயரும் வகிடெடுப்பதைக் குறிக்கும் இதே சொல்லே. அம்புத் தையல்மூட்டு வகிட்டின் நேர்கீழே செல்வதை நோக்க, இப்பெயரின் பொருத்தம் விளங்கும். ஐதரேய உபநிடதம், ஆன்மா இவ்வகிட்டைப் பிளந்தே உடலுக்குள் புகுந்தது எனக் கூறுகின்றது.

யோக மரபில் உச்சியிலுள்ள இவ்வாயில் பிரமரந்திரம் எனப்படுகின்றது. யோகியின் உயிர் இதன் வழியே பிரியும் என்பது நம்பிக்கை. இதை முன் உச்சிக்குழி இருந்த இடத்தோடு பொருத்திக் கூறுவர். சேசாத்திரி சுவாமிகள் (1929), இரமண மகரிசி (1950) முதலியோரின் சமாதிகள் அமைந்த திருவண்ணாமலையில் இக்கருத்து மக்களிடையே நன்கு அறியப்பட்டது. ஞானியரின் உடலை எரிக்காமல் நிலத்தில் இருத்த வேண்டும் என்னும் முறை திருமந்திரத்தின் ஏழாம் தந்திரத்தில் சமாதிக் கிரியை என்னும் பகுதியில் சொல்லப்படுகின்றது. சில துறவு மரபுகளில், இருத்துவதற்கு முன் உச்சியில் தேங்காய் உடைக்கும் சடங்கும் உண்டு. உடற்கூற்றியலின்படி வளர்ந்தவரின் மண்டையோட்டில் அவ்விடத்தில் துளை ஏதும் இல்லை. முன்பு திறந்திருந்த இடத்தின் அடையாளமாக இரு தையல்மூட்டுகள் சந்திக்கும் புள்ளி மட்டுமே உள்ளது.